ஏழாண்டுக்கு ஒரு பெட்டி: யாருக்கு அவசியம்?

1994, 2000, 2006, 2013, 2020. இலங்கை வாசகர்கள் இவற்றைத் தேர்தல் ஆண்டுகள் என மயங்கக்கூடும். இவை சோனி நிறுவனம் தனது பிளேஸ்டேஷன் வீடியோ கேம் பெட்டியின் ஐந்து தலைமுறைகளையும் சந்தைக்குக் கொண்டுவந்த ஆண்டுகள். தேர்தலுக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒவ்வொரு முறையும், "இதுவரை நீங்கள் கண்டது ஒன்றுமேயில்லை" என்ற வாக்குறுதி வழங்கப்படும். மக்களும் நம்புவார்கள்.

இந்தப் புதிய தலைமுறைகள் உண்மையில் அவசியந்தானா? இன்று அவை வருகின்ற விதத்தில் அவசியமில்லை என்பதே என் வாதம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். தட்டையான படங்களிலிருந்து முப்பரிமாண உலகுக்கு விளையாட்டுகள் தாவிய தொண்ணூறுகளின் மாற்றம் மெய்யானது. 2020இல் வந்த பெட்டி, விளையாட்டு திரையில் தோன்றும்வரை காத்திருக்கும் நேரத்தை வெகுவாகக் குறைத்ததும் மெய்யே. ஆனால், 2013இல் பிளேஸ்டேஷன் 3இல் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ 5' என்ற விளையாட்டு 2014இல் நான்காவது பெட்டிக்கும் 2022இல் ஐந்தாவது பெட்டிக்கும் மீண்டும் விற்கப்பட்டதே, அதற்கு என்ன பெயர்? பெட்டி மூன்று, விளையாட்டு ஒன்று. பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான்.

வலுவான இயந்திரமே நல்ல விளையாட்டைத் தரும் என்பதும் பொய்த்துப்போன வாதம். 2006இல் நின்டெண்டோ வெளியிட்ட 'வீ', அன்றைய போட்டியாளர்களைவிட வலுக்குறைந்தது. ஆயினும் 10 கோடிக்கு மேல் விற்று, பிளேஸ்டேஷன் 3ஐயும் எக்ஸ்பொக்ஸ் 360ஐயும் முந்தியது. பிளேஸ்டேஷன் 2இன் கதை இன்னும் சுவையானது. அடுத்த பெட்டி வந்து ஆறாண்டுகள் கடந்தபின்னும் அதன் உற்பத்தி நிறுத்தப்படவில்லை. 2013இல்தான் நின்றது. மொத்தம் 16 கோடி விற்பனை. பழையதை மக்கள் கைவிட்டதாகச் சொல்வது யார்?

இனி நம்மூர்க் கணக்குக்கு வருவோம். காரைதீவிலிருந்து சம்மாந்துறை செல்லும் வீதியில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது மாவடிப்பள்ளி. ஐந்தாவது பிளேஸ்டேஷனின் அறிமுக விலை 499 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று கொண்டாலே, வரிகளுக்கு முன்னர் ஒன்றரை இலட்சம். 2026 ஜனவரி முதல் இலங்கையின் தனியார் துறைக்குச் சட்டம் வகுத்துள்ள குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதாவது, உண்ணாமல் உடுக்காமல் ஐந்து மாதம்.

"வசதியுள்ளவன் வாங்கட்டும், உமக்கென்ன?" என்று கேட்பீர்கள். தாராளமாக வாங்கட்டும். ஆனால் மாவடிப்பள்ளி போன்ற ஊர்களுக்கு இத்தகைய பொருட்கள் பெரும்பாலும் கைமாறியே வந்து சேர்கின்றன. மூத்தவனிடமிருந்து இளையவனுக்கு, பக்கத்து வீட்டுக்கு, பின்னர் மைத்துனன் பிள்ளைக்கு. பெட்டியும் இறுவட்டும் கையில் இருந்தவரை இந்தச் சங்கிலி அறவில்லை. 2024இல் 700 டொலர் விலையில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் இறுவட்டு போடும் வசதியே கிடையாது. வேண்டுமாயின் அதைத் தனியாக வாங்கிப் பொருத்தவேண்டும். இணையத்தில் வாங்கிய விளையாட்டை இரவல் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. செல்வந்தனின் புதுமை ஏழையின் வாசலைத் தட்டாமல் போவதல்ல என் குறை. ஏழைக்குத் திறந்திருந்த பழைய வாசலையும் அது அடைத்துவிடுகிறது என்பதே குறை.

பத்திரிகைத் தொழிலும் ஈய எழுத்துக்களிலிருந்து கணினிவரை பல தலைமுறைகளைக் கண்டது. ஆயினும் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' நாவலை, எழுத்தறிந்த எந்தச் சிறுவனும் இன்று விரித்து வாசிக்கலாம். அச்சு இயந்திரம் மாறியது என்பதற்காக நூல் ஊமையாகவில்லை. விளையாட்டுகளின் நிலை என்ன? நின்டெண்டோ தனது 3டிஎஸ், வீ யூ பெட்டிகளுக்கான இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடியது. எக்ஸ்பொக்ஸ் 360இன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. 2010க்கு முன்னர் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம் வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று 2023இல் ஆய்ந்து சொன்னது. ஒரு கலையின் நூலகமே எரிகிறது. நெருப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஐரோப்பாவில் வாங்கியவர்களே விழித்துக்கொண்டார்கள். விற்ற விளையாட்டைச் சாகடிக்காதே என்று கோரும் குடிமக்கள் மனு 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. நாம் கேட்கவேண்டியதும் அதுவே. புதிய பெட்டி வரட்டும், ஆனால் பழைய இறுவட்டு அதில் ஓடவேண்டும். பழுதானால் உதிரிப்பாகம் கிடைக்கவேண்டும். கடையை மூடினாலும், வாங்கியது வாங்கியவனிடமே இருக்கவேண்டும்.

இவற்றுக்கு உடன்படாத புதிய தலைமுறை, நிறுவனத்தின் வரவேட்டுக்கு மாத்திரமே அவசியம். விளையாடுகிற பிள்ளைக்கு அல்ல.