அந்த வழிகாட்டியின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?



பொது அறிவுப் போட்டிகளில் வரும் ஒரு கேள்வி. "மச்சு பிச்சுவைக் கண்டுபிடித்தவர் யார்?" பிள்ளைகள் பட்டென்று "ஹிராம் பிங்கம், 1911" என்பார்கள். புள்ளி கிடைக்கும். நாமும் கைதட்டுவோம். ஆனால் அந்த விடை சரிதானா? இன்று அதைப் பற்றித்தான் கொஞ்சம் கதைக்கப் போகிறோம்.

1911 ஜூலை 24. பெரு நாட்டின் உருபம்பா ஆற்றங்கரை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிங்கமை மலைக்கு மேலே கூட்டிச் சென்றவர் மெல்சோர் அர்தியாகா என்ற விவசாயி. அதற்கு அவருக்குக் கிடைத்த கூலி ஒரு சோல் காசு. மேலே போய்ப் பார்த்தால், அங்கே ஏற்கெனவே விவசாயக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. இன்கா மக்கள் கட்டிவைத்த அதே படிக்கட்டு வயல்களில் பயிர் செய்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இடிபாடுகளுக்குள் பிங்கமைச் சுற்றிக் காட்டியது அங்கிருந்த ஒரு சிறுவன். சுவரிலோ அகுஸ்தின் லிசாராகா என்ற உள்ளூர்க்காரரின் பெயர், 1902 என்ற ஆண்டோடு எழுதப்பட்டிருந்தது.

ஒரு விவசாயி வழிகாட்டுகிறார். ஒரு சிறுவன் சுற்றிக் காட்டுகிறான். ஒன்பது வருடத்துக்கு முன்பே வந்தவரின் பெயர் சுவரில் இருக்கிறது. இதற்குப் பிறகும் "கண்டுபிடித்தார்" என்று எப்படிச் சொல்வது?

பிங்கமின் உழைப்பை நாம் மறுக்கவில்லை. அவர் அளந்தார், படம் பிடித்தார், எழுதினார். 1913 ஏப்ரலில் நேஷனல் ஜியோகிரபிக் இதழில் அவருடைய கட்டுரை வந்த பிறகுதான் வெளியுலகம் அந்த இடத்தைப் பரவலாக அறிந்தது. அர்தியாகாவின் பெயரையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் ஒன்றை உலகுக்கு அறிமுகப்படுத்துவது வேறு, கண்டுபிடிப்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். "கண்டுபிடித்தவர்" என்ற பட்டம் வந்தால், பின்னாலேயே உரிமையும் வந்துவிடுகிறது. அங்கே தோண்டி எடுத்த மட்பாண்டங்களும் எலும்புகளும் கருவிகளும் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போயின. ஆய்வுக்காகக் கொண்டு போனதைத் திருப்பித் தாருங்கள் என்று பெரு நாடு பல காலம் கேட்டது. 2010இல்தான் உடன்பாடு வந்தது. கிட்டத்தட்ட நூறு வருடங்களுக்குப் பிறகு அவை குஸ்கோ நகரத்துக்குத் திரும்பின.

இனி இன்றைக்கு அங்கே போகிறவர்களைப் பார்ப்போம். நம்மில் பெரு வரைக்கும் போகக் கிடைப்பவர்கள் மிகக் குறைவு. காணொளியில் பார்க்காதவர்கள்தான் யாருமில்லை. மேகத்துக்கு நடுவே பச்சை மலை, அழகான கற்சுவர், கையை விரித்து நிற்கும் ஒரு பயணி. அதோடு முடிந்துவிடும். சுமார் 2,430 மீற்றர் உயரத்தில், இரும்புக் கருவியும் சக்கர வண்டியும் இல்லாமல், 15ஆம் நூற்றாண்டில் இதை எப்படிக் கட்டினார்கள் என்பதை அந்தப் படம் சொல்லாது.

அந்த மண்ணில் பிறந்து, கெச்சுவா மொழி பேசும் வீட்டில் வளர்ந்த ஒரு வழிகாட்டி பக்கத்தில் இருந்தால் கதையே வேறு. படிக்கட்டு வயலின் மேல்மண்ணுக்குக் கீழே மணலும் சரளையும் பெரிய கற்களும் அடுக்கடுக்காக இருப்பதை அவர் விளக்குவார். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்து போவதும், மலைச்சரிவு சரியாமல் நிற்பதும் அதனால்தான். சாந்து பூசாமல் கல்லோடு கல் பொருந்தி நிற்பதையும், ஜன்னல்கள் மேலே குறுகிக் கீழே அகன்றிருப்பதையும், நிலநடுக்கத்தை அவை எப்படித் தாங்குகின்றன என்பதையும் காட்டுவார். ஊற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து, பதினாறு நீர்த்தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்குவதையும் சொல்வார்.

"வழிகாட்டிகளும் கதை விடுவார்கள்தானே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், சிலர் விடுவார்கள். ஆனால் படித்த பேராசிரியரும் பிழை விட்டார். அது இன்கா மக்களின் கடைசிப் புகலிடமான வில்கபாம்பா என்று பிங்கம் நம்பினார். அது பச்சாகுத்தி மன்னருக்காகக் கட்டப்பட்ட இருப்பிடம் என்பதே இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. ஆகவே யார் சொன்னாலும் கேள்வி கேட்போம். உள்ளூர்க்காரர் சொன்னால் பொய், வெளிநாட்டவர் எழுதினால் வரலாறு என்ற அளவுகோலை மட்டும் தூக்கி எறிவோம்.

இன்னொரு விடயம். இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அந்தக் கணக்கில் கூடாரத்தையும் சமையல் சாமானையும் சுமந்து செல்லும் தொழிலாளிகளும் அடங்குவர். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று 2001இல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் போட வேண்டிய அளவுக்கு அதற்கு முன்பு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மிக மலிவான பயணப் பொதி என்று விளம்பரம் வந்தால், அந்த மலிவு யாரோ ஒருவரின் முதுகிலிருந்து வருகிறதா என்று விசாரிப்பது நம் கடமை.

எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த ஊர் மனிதரையே வழிகாட்டியாக எடுப்போம். பேரம் பேசிக் குறைக்காமல் உரிய கூலியைக் கொடுப்போம். வீடு திரும்பிப் படம் போடும்போது அவர் சொல்லித் தந்ததையும் சேர்த்து எழுதுவோம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வினாத்தாள் தயாரிக்கும்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்: "1911இல் ஹிராம் பிங்கமை மச்சு பிச்சுவுக்கு அழைத்துச் சென்ற விவசாயி யார்?" இன்ஷா அல்லாஹ், ஒரு பிள்ளையாவது மெல்சோர் அர்தியாகா என்று எழுதும்.