எண் அறிவோம், பொருளும் அறிவோம்

இன்று கணிப்பொறி நுழையாத துறையே இல்லை எனலாம். தேர்வு முடிவு, கல்வி உதவித்தொகை விண்ணப்பம், இரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும், எங்கோ ஓர் அறையில் இரவு பகலாக இயங்கும் சர்வர்களை நம்பியே நடைபெறுகின்றன. அவற்றின் நிலையை இடைவிடாது கவனித்து எண்களாகக் காட்டும் பணிக்கே ‘மானிட்டரிங்’ என்று பெயர். இது நோயாளிக்கு நாடி பார்ப்பது போன்றது. ஆனால் நாடியைப் பிடித்தால் மட்டும் போதுமா? அது சொல்வது விளங்க வேண்டாமா? இத்துறைச் சொற்களை மனப்பாடம் செய்யும் நாம், அவற்றின் பொருளை உணர்வதில்லை என்பதே என் கருத்து.

‘லோடு ஆவரேஜ்’ என்பதை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் கணிப்பொறி, கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சுமையை மூன்று எண்களாகத் தருகிறது. நியாய விலைக் கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருப்போரையும் வரிசையில் நிற்போரையும் சேர்த்து எண்ணுவது போன்றது இது. எண் 4 என்றால் அஞ்ச வேண்டுமா? எடை போடுவோர் நால்வர் இருந்தால் வரிசையே இல்லை. ஒருவர்தான் என்றால் மூவர் காத்து நிற்கின்றனர். அதுபோலவே, செயலகத்தில் எத்தனை ‘கோர்’ உள்ளன என்று அறியாமல் இவ்வெண்ணுக்குப் பொருள் இல்லை. மேலும், டிஸ்க்கிலிருந்து தகவல் வரக் காத்திருக்கும் வேலைகளையும் லினக்ஸ் 1993 முதல் இதில் சேர்த்தே எண்ணுகிறது. ஆகவே, செயலகம் ஓய்ந்திருக்கும்போதும் இவ்வெண் உயரக்கூடும்.

நினைவகமும் அப்படியே. ‘ஃப்ரீ’ என்ற இடத்தில் சிறிய எண்ணைக் கண்டு பலர் பதறுவர். ஆனால் சும்மா கிடக்கும் நினைவகத்தில், படித்த கோப்புகளை லினக்ஸ் சேமித்து வைக்கிறது. தேவைப்பட்டால் உடனே காலி செய்து தருகிறது. இக்குழப்பம் தீரவே 2014இல் ‘அவெய்லபிள்’ என்ற தனிக் கணக்கு சேர்க்கப்பட்டது. பார்க்க வேண்டியது அதைத்தான்.

சராசரி இன்னும் பெரிய ஏமாற்றுக்காரன்! நூறு பேரில் 99 பேருக்கு 0.1 விநாடியிலும், ஒருவருக்கு 10 விநாடியிலும் பதில் கிடைத்தால், சராசரி 0.2 விநாடிக்கும் குறைவே. அந்த ஒருவரின் துன்பம் எங்கே போயிற்று? ‘அப்டைம்’ 99.9 விழுக்காடு என்பது நிறைவாகத் தோன்றும். ஆயினும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் சர்வர் நின்றிருக்கலாம் என்பதே அதன் பொருள். அந்நேரம், விண்ணப்பத்தின் கடைசி நாளாக அமைந்துவிட்டால், ஓர் ஏழை மாணவனின் ஓராண்டே வீணாகக்கூடும்.

எனவே, எந்த எண்ணைக் கண்டாலும் மூன்று வினாக்களை எழுப்புவோம். எதை எண்ணினார்கள்? எவ்வளவு நேரத்துக்கு? எத்தனையில் இது? வீட்டில் கேட்டறிய ஆளில்லாமல், இச்சொற்களைக் கல்லூரியில்தான் முதன்முதலாகக் கேட்கும் நம் போன்றோர்க்கு, வரையறையை ஒப்புவிப்பதைவிட இப்பழக்கமே பெருந்துணை. பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். செய்முறைத் தேர்வில் ‘லோடு ஆவரேஜ் என்றால் என்ன?’ என்று கேட்பதோடு நில்லாமல், மூன்று எண்களைக் கொடுத்து, ‘இந்தச் சர்வர் நலமா?’ என்று கேளுங்கள். அன்று நாங்கள் சொல்லைக் கடந்து பொருளைத் தேடுவோம். பொருள் விளங்கிய கல்வியே பிறர்க்கும் பயன்படும்.