எண்ணெயும் வடிகட்டியும்

ஐரோப்பிய மோட்டார் வண்டி வாங்குகிறவர்களிடம் ஒரு விசித்திரமான குணத்தைக் காண்கிறோம். எந்த நிறத்தில் வாங்குவது, ஆசனங்களுக்குத் தோல் உறையா துணி உறையா என்று குடும்ப சமேதராக மூன்று மாதம் விவாதம் செய்வார்கள். ஆனால், அந்த வண்டியின் உயிர்நிலையாகிய யந்திரத்துக்குள் எந்த எண்ணெயை ஊற்றுவது என்னும் கேள்வி வரும்போது, "நல்ல ஆயிலாகப் பார்த்துப் போடப்பா!" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்து விடுவார்கள். மெக்கானிக்கும் தமக்குத் தெரிந்தவரையில் நல்ல ஆயிலாகத்தான் போடுகிறார். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. எல்லா யந்திரத்துக்கும் நல்லதான எண்ணெய் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

டப்பாவின்மேல் கொட்டை எழுத்தில் '5டபிள்யூ-30' என்பது போன்ற இலக்கத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவின் மோட்டார் என்ஜினீயர்கள் சங்கம் வகுத்த கணக்கு இது. டபிள்யூ என்பது குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதைக் காட்டுகிறது. பின்னால் உள்ள எண், 100 டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைத் தெரிவிக்கிறது. இவ்வளவுதான் சங்கதி. ஒருவருடைய உயரத்தையும் எடையையும் மட்டும் சொன்னால், அவர் சங்கீத வித்வானா, சமையற்காரரா என்று எப்படித் தெரியும்? 5டபிள்யூ-30 என்றே எழுதிய இரண்டு டப்பாக்களில் ஒன்று உங்கள் யந்திரத்துக்கு அமுதமாகவும், மற்றொன்று மெல்லக் கொல்லும் நஞ்சாகவும் இருக்கக்கூடும்.

இது மிகைப்படுத்திச் சொல்வது அன்று. ஜெர்மனி தேசத்து வோக்ஸ்வேகன் கம்பெனியார் 1998-ஆம் வருஷத்தில் ஒரு புதுவகை டீஸல் யந்திரத்தை வெளியிட்டார்கள். டீஸலைப் பீய்ச்சுவதற்கு முன்பெல்லாம் ஒரே பம்பு இருந்தது. இதிலோ ஒவ்வொரு ஸிலிண்டருக்கும் தனித்தனிப் பம்பு. அழுத்தம் 2,000 பாருக்கு மேல் சென்றது. இந்தப் பம்புகளை அழுத்துகிற வேலையும், வால்வுகளைத் திறக்கிற வேலையும் ஒரே காம் ஷாப்டின் தலையில் விழுந்தன. பம்புக்கு இடம் விட வேண்டியிருந்தபடியால், வால்வுகளைத் திறக்கும் முட்டுக்களின் அகலத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. அகலம் குறையவே, எண்ணெய்ப் படலத்தின்மேல் விழும் பாரம் அதிகமாயிற்று. சாதாரண எண்ணெய் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று கண்ட கம்பெனியார், 505 01 என்று தனியாக ஒரு தரத்தை வகுத்து, அந்த எண் உள்ள எண்ணெயையே ஊற்ற வேண்டும் என்று கையேட்டில் எழுதினார்கள். கையேட்டை யார் படிக்கிறார்கள்! உயர்ந்த விலையுள்ள வேறு எண்ணெயை ஊற்றியவர்கள் உண்டு. அந்த வண்டிகளில் காம் ஷாப்டின் முட்டுக்கள் தேய்ந்து, வால்வு சரிவரத் திறவாமல், கடைசியில் யந்திரத்தையே பிரித்துப் போடும்படி ஆயிற்று. எண்ணெயின் விலையிலோ கனத்திலோ குறை இல்லை. இந்த வேலைக்கு அது தயாரிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

ஐரோப்பிய வண்டிகளுக்கு எண்ணெய் தேடும்போது வேறொரு சிக்கலும் உண்டு. புதிய டீஸல் வண்டிகளின் புகைக்குழாயில், கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை யந்திரம் தானாகவே சுட்டெரித்து விடுகிறது. ஆனால், எண்ணெயில் கலந்துள்ள கால்ஷியம், துத்தநாகம் முதலிய உலோகச் சரக்குகள் எரிந்து சாம்பலானால், அந்தச் சாம்பலை எதனாலும் எரிக்க முடியாது. அது அங்கேயே தங்கிவிடும். இதற்காகத்தான் ஐரோப்பிய மோட்டார் உற்பத்தியாளர் சங்கத்தார் 2004-ஆம் ஆண்டில் 'ஸி' என்னும் வகுப்பை ஏற்படுத்தினார்கள். அதில் ஸி3 என்ற பிரிவின் எண்ணெயில் சாம்பல் 0.8 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது. பழைய ஏ3/பி4 பிரிவிலோ 1.6 சதவிகிதம் வரையில் இருக்கலாம்.

பள்ளிக்கூடத்துக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 850 கிராம். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெயைக் குடிக்கும் வண்டி, ஒரு லட்சம் கிலோமீட்டரில் 20 லிட்டரைக் குடித்துவிடும். முதல் எண்ணெயானால் 136 கிராம் சாம்பல். இரண்டாவதானால் 272 கிராம். இதில் பெரும்பகுதி வடிகட்டியில்தான் போய்ச் சேரும். அந்த வடிகட்டியைப் புதிதாக மாற்றும் செலவை ஒருமுறை விசாரித்தவர்கள், பிறகு எண்ணெய் டப்பாவைப் படிக்காமல் வாங்க மாட்டார்கள்.

அப்படியானால் சாம்பல் குறைந்த எண்ணெயையே எல்லோரும் ஊற்றலாமே என்றால், அதுவும் சரியில்லை. பெட்ரோலிலும் டீஸலிலும் உள்ள கந்தகம் எரியும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலத்தை முறிக்கும் சரக்குகளே பின்னால் சாம்பலாகின்றன. சாம்பலைக் குறைத்தால் முறிக்கும் சக்தியும் குறையும். ஐரோப்பிய யூனியனில் 2009 முதல் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது என்பது விதி. நம் தேசம் முழுவதும் அந்த அளவு அமுலுக்கு வந்தது 2020 ஏப்ரல் முதல் தேதியில். ஆகவே, இங்கே ஓடும் ஸ்கோடா, வோக்ஸ்வேகன் வண்டிகளைப் பற்றி அதற்கு முன் எழுதப்பட்ட ஆலோசனைகளை இன்று அப்படியே கைக்கொள்வது உசிதம் அன்று.

இனி, டப்பாவைப் படிக்கும் முறை. வோக்ஸ்வேகனில் 504 00 பெட்ரோலுக்கும் 507 00 டீஸலுக்கும் உரியவை. மெர்ஸிடிஸில் 229.51 என்றும், பி.எம்.டபிள்யூ.வில் லாங்லைப்-04 என்றும் இப்படிப் பல தரங்கள் இருக்கின்றன. உங்கள் கையேட்டில் உள்ள எண் டப்பாவில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள வார்த்தையையும் படிக்க வேண்டும். 'அங்கீகாரம் பெற்றது' என்பது ஒன்று. 'இந்த வண்டிகளுக்கு ஏற்றது' என்பது மற்றொன்று. முதலாவது, வண்டிக் கம்பெனியார் பரிசோதித்துக் கொடுத்த சான்று. இரண்டாவது, எண்ணெய் விற்பவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட நற்சாட்சிப் பத்திரம். முன்னாளில் சிலர் தங்கள் பெயருக்குப் பின்னால் 'பி.ஏ. (பெயில்)' என்று போட்டுக்கொள்வதுண்டு என்பார்கள். அவர்களாவது உண்மையைச் சொன்னார்கள்! சந்தேகம் உள்ளவர்கள், மெர்ஸிடிஸ் கம்பெனியார் வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் அந்த எண்ணெயின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளலாம்.

புது எண் பழைய எண்ணைவிட உயர்ந்தது என்று நினைப்பதும் பிசகு. வோக்ஸ்வேகனின் 508 00, 509 00 தரத்து எண்ணெய் மிகவும் இளகியது. பழைய யந்திரங்களுக்கு ஆகாது. அடையாளம் தெரிவதற்காகவே அதற்குப் பச்சைச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

எண்ணெய்க்கு இவ்வளவு ஆராய்ச்சி செய்துவிட்டு, வடிகட்டியில் காசை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் நமக்கு வியப்பாயிருக்கிறது. ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் தகரக் குப்பி போன்ற பில்டர் கிடையாது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் மடிப்பு மடிப்பான காகித உருளை ஒன்றைச் செருகி, மூடியைத் திருக வேண்டும். மட்டமான காகிதம் சீக்கிரம் அடைத்துக் கொள்ளும். அடைத்துக் கொண்டால் யந்திரம் எண்ணெயின்றி வரண்டுவிடக் கூடாதே என்பதற்காக, ஒரு சிறு வால்வு திறந்து எண்ணெயைக் குறுக்கு வழியில் விட்டுவிடும். அது முதல் வடிகட்டாத எண்ணெய்தான் யந்திரத்தைச் சுற்றி வரும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

உருளையோடு பெட்டியில் வரும் ரப்பர் வளையத்தை அவசியம் மாற்ற வேண்டும். மாட்டுமுன் புது எண்ணெயைத் தடவிக்கொள்வது நலம். அடியில் உள்ள திருகாணியின் வாஷரும் அப்படியே. மூடியை எவ்வளவு இறுக்கலாம் என்பதை, 25 நியூட்டன் மீட்டர் என்பது போல், மூடியின் மேலேயே பல வண்டிகளில் அச்சிட்டிருக்கிறார்கள். நமது நண்பர் ஒருவரின் வண்டியில், ஒரு தொழிற்சாலைக்காரர் இதைப் படிக்காமல் தம் புஜபலத்தைக் காட்டியதில் மூடி விரிசல் விட்டு, வீடு வந்து சேருமுன் பாதி எண்ணெய் சாலைக்கு அபிஷேகமாகிவிட்டது. காற்று வடிகட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புழுதி நிறைந்த ஊரில் கையேட்டில் குறித்த காலத்துக்கு முன்பே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கெடு. நீண்ட ஆயுள் எண்ணெயானால் 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு வருஷம் வரையில் போகலாம் என்று ஜெர்மனியில் வோக்ஸ்வேகன் கம்பெனியார் ஒரு திட்டம் வைத்தார்கள். நீண்ட நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்களை உத்தேசித்த திட்டம் அது. யந்திரம் நன்றாகச் சூடேறுமுன் நிறுத்திவிடும் வண்டியில், எரியாத பெட்ரோலும் நீராவியும் எண்ணெயில் கலந்து தங்கிவிடும். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தூரத்திலுள்ள வைத்தியசாலைக்குப் போய்வரும் டாக்டர் ஒருவர் வருஷத்தில் 300 நாள் ஓட்டினாலும் 3,000 கிலோமீட்டர்தான் ஆகும். குறுகிய கெடுவான 15,000 நிறைவதற்கே ஐந்து வருஷம் பிடிக்கும். கையேட்டிலோ 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், இரண்டில் எது முந்துகிறதோ அது என்று போட்டிருக்கிறது.