விநாடிக் கணக்கும் வளரும் சரீரமும்

பரீட்சைகள் முடிந்து சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும், அனுப்பர்பாளையத்தைச் சுற்றி அவிநாசி சாலை நெடுகிலும் கோடைக்கால நீச்சல் பயிற்சிக்கான விளம்பரத் தட்டிகள் தென்படுகின்றன. பாத்திரப் பட்டறைகளின் தட்டும் ஓசையும் பனியன் கம்பெனிகளின் ஷிப்ட் நேரமும் பொழுதை வகுத்துக் கொடுக்கும் இந்த வட்டாரத்தில், குழந்தைகள் இரண்டு மாத காலம் தண்ணீரில் கிடந்து விளையாட வழி பிறந்திருப்பது, கட்டணம் கட்ட முடிந்தவர்கள் மட்டிலுமாவது, சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் முகாமின் முடிவில் நடக்கும் சிறு போட்டிகளில், சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு இரண்டு மூன்று விநாடி அதிகம் எடுத்துக்கொண்டு கரை சேரும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறவர்களுக்கு, அந்தச் சந்தோஷம் நிலைப்பதில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு, தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அவன் நின்றுகொண்டிருக்கும்போதே, அவனுடைய தலைக்கு மேலாக ஒரு கேள்வி பறக்கிறது: "ஏனுங்க மாஸ்டர், போன வருசம் நாப்பத்தொண்ணுல முடிச்ச பையன், இந்த வருசம் நாப்பத்தி மூணுங்கறீங்க. இத்தனை பணங் கட்டி என்னதானுங்க பிரயோசனம்?"

நேரம் கூடிப்போன குழந்தைக்கு ஆறுதல் சொல்லும் உபாயங்களைப் பலரும் பேசுகிறார்கள். எனக்கோ, அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு முதலில் நேரம் என்பது என்னவென்று விளக்கிவிட்டால், குழந்தைக்குத் தனியாக ஆறுதல் அநேகமாகத் தேவைப்படாது என்றே தோன்றுகிறது.

இருபத்தைந்து மீட்டர் குளத்தில் நூறு மீட்டர் நீந்துகிறவன் மூன்று முறை சுவரை உதைத்துத் திரும்புகிறான். ஐம்பது மீட்டர் குளத்தில் ஒரே ஒரு முறை. உதைத்துப் பாயும் வேகம் கையை வீசி நீந்தும் வேகத்தைவிட அதிகமாதலால், அதே பிள்ளை, அதே பலத்துடன், பெரிய குளத்தில் சில விநாடிகள் அதிகம் எடுத்துக்கொள்வது இயற்கை. சர்வதேசப் போட்டிகளில் தண்ணீரின் வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டுமென்பது விதி. மேற்கூரையில்லாத நம் ஊர்க் குளமோ மே மாதப் பிற்பகலில் வெந்நீர் அண்டாவாகிவிடுகிறது. உழைக்கும் சரீரம் தன் உஷ்ணத்தைக் கழிக்க வழியின்றிச் சீக்கிரமே ஆயாசமடைகிறது. கையால் இயக்கும் ஸ்டாப்வாட்சிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விசில் கேட்ட பிறகே கட்டைவிரல் அசைகிறது. முடிவிலோ, சுவரை நெருங்கும் கையைக் கண்கள் முன்கூட்டியே பார்த்துவிடுவதால் விரல் தாமதிப்பதில்லை. ஆகவே அது பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் குறைந்த நேரத்தையே காட்டும். ஊர்க் குளத்தில் அப்படிப் பெற்ற எண்ணோடு, மின்சாரத் தொடுபலகை வைத்த மாநிலப் போட்டிக்குப் போய்வரும் பிள்ளை, நீச்சலில் எந்தக் குறையும் நேராமலே 'மெதுவாகிவிட்டான்' என்ற பெயரை வாங்கிக்கொள்கிறான்.

இவையெல்லாம் வெளியே இருக்கும் காரணங்கள். உள்ளே நடப்பது இதைவிட முக்கியமானது. பெண் குழந்தைகள் ஏறக்குறைய பதினோரு பன்னிரண்டு வயதிலும், ஆண் குழந்தைகள் பதின்மூன்று பதினான்கு வயதிலும் மிக விரைவாக உயரம் கொள்கிறார்கள். கைகால்கள் நீண்டுவிடுகின்றன, அவற்றை இயக்கும் தசைபலம் பின்னாலேதான் வந்து சேர்கிறது. சென்ற ஆண்டுச் சரீரத்துக்குப் பழகிய வீச்சும் மூச்சும் இந்த ஆண்டுச் சரீரத்துக்குப் பொருந்தாமல் சில மாதங்கள் தடுமாறுவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, அரையாண்டுப் பரீட்சையிலிருந்து முழுப் பரீட்சை முடியும் வரையில் தண்ணீர்ப் பக்கமே போகவிடாமல் நிறுத்தி வைத்த பிள்ளையை, முகாம் தொடங்கியதும் காலையும் மாலையும் தண்ணீரில் இறக்கி, அந்த அசதி தீருமுன்பே போட்டியிலும் நிறுத்துகிறோம். பெரிய போட்டிக்கு முன் பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்து உடம்பைத் தேற்றிக்கொள்வது தேர்ந்த வீரர்களின் வழக்கம். நம் கோடைப் போட்டியில் அந்தச் சலுகை எந்தக் குழந்தைக்கும் கிடைப்பதில்லை.

நேரம் கூடுவது தேர்ந்தவர்களுக்கும் புதிதல்ல. 2018-ம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், இந்திய வீரர் வீர்தவல் காடே காலையில் நடந்த தகுதிச் சுற்றில் ஐம்பது மீட்டரை 22.43 விநாடியில் நீந்தித் தேசிய சாதனை படைத்தார். மாலையில் இறுதிப் போட்டியில் அவருக்கு ஆனது 22.47. வெண்கலம் வாங்கிய ஜப்பானியரின் நேரம் 22.46. காலையில் நீந்தியதையே மாலையிலும் நீந்தியிருந்தால் பதக்கம் அவருடையது. ஒரே மனிதன், ஒரே குளம், ஒரே நாள்! நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷின் கதை இன்னும் நீளமானது. 2019-ல் கழுத்து எலும்புத் தட்டில் ஏற்பட்ட கோளாறும், அதைத் தொடர்ந்து கொரோனாக் காலத்தில் குளங்கள் மூடப்பட்டதும் அவரைப் பலமாகப் பின்னுக்கு இழுத்தன. அதிலிருந்து மீண்டு, 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக்கின் நேரடித் தகுதிக்கு நிர்ணயித்த நேரத்தை விநாடியில் பத்திலொரு பங்கு வித்தியாசத்தில் எட்டிய முதல் இந்தியரானார். அடுத்த மாதம் டோக்கியோவில் அவர் எடுத்துக்கொண்டது 1 நிமிடம் 57.22 விநாடி. அதற்காக அவரை யாரும் சோம்பேறி என்று சொல்லிவிட முடியுமா?

பின்னலாடை ஊரில் இருந்துகொண்டு, நீச்சல் உடையைப் பற்றிச் சொல்லாமல் போனால் குற்றமாகும். 2009-ல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில், ரப்பரைப் போன்ற பாலியூரித்தேன் பூசிய முழு உடைகளை அணிந்து 43 உலக சாதனைகளைப் படைத்துத் தள்ளினார்கள். மறு ஆண்டின் தொடக்கத்திலேயே அவற்றைத் தடை செய்து, நெய்த துணியோ பின்னிய துணியோதான் அணியலாம் என்று விதித்தார்கள். அன்று 400 மீட்டரில் சாதனை படைத்த ஜெர்மானியர் பால் பீடர்மான் அந்த நேரத்தை அப்புறம் தம் வாழ்நாளில் எட்டவேயில்லை. அதை முறியடிக்க மற்றவர்களுக்கும் 2025 வரை ஆயிற்று. எண்ணில் பாதி, எண்ணைப் பெற்ற மனிதனுக்கு வெளியே இருக்கிறது.

இதை நம் பெற்றோர் ஏற்றுக்கொள்ளத் தயங்குவதற்கு ஒரு நியாயமும் இல்லாமலில்லை. ஓவர்லாக், பேட்லாக் மிஷின்களின் வரிசையில், ஒரு டெய்லர் மணிக்கு எத்தனை பீஸ் முடிக்கிறார் என்று கடிகாரம் பிடித்துக் கணக்கெடுப்பதே பலருக்கும் அன்றாட அனுபவம். கப்பலேற்றும் தேதி தவறினால் நஷ்டம் என்ன என்பதும் அவர்களுக்குத் தெரியும். அங்கே நேரம் கூடினால் குறை எங்கோ இருக்கிறது என்பது சரியான தீர்ப்பு. அந்த மனோபாவம் வீட்டுக்கும் குளத்தங்கரைக்கும் கூடவே வந்துவிடுவதுதான் சங்கடம். மிஷின் உயரம் வளர்வதில்லை.

இரண்டு தலைமுறைக்கு முன் கொங்கு நாட்டில் நீச்சல் பழக்க, பிள்ளைகளின் இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டார்கள். எத்தனை விநாடி என்று எவரும் கேட்கவில்லை. அதைப் பொற்காலம் என்று நான் வர்ணிக்க வரவில்லை. கிணற்றிலும் கல்குவாரிக் குட்டையிலும் மூழ்கிப்போன பிள்ளைகளைப் பற்றிய செய்தி இன்றும் கோடைதோறும் பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே, பத்து வயதுப் பிள்ளை பதற்றமில்லாமல் மிதக்கவும் நெடுந்தூரம் நீந்திக் கரையேறவும் கற்றுக்கொண்டதா என்பது இந்த முகாம்களின் பிரதான கணக்காக இருக்கட்டும். வேகத்தில் பின்தங்கிய பிள்ளைக்குத் தூரத்தில் ஆற்றல் இருக்கவும் கூடும். ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன் 1994-ல் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, மிகிர் சென் 1966-ல் ஐந்தைக் கடந்து வைத்த சாதனையை முறியடித்தபோது, அவருக்கு வயது பதின்மூன்றைத் தாண்டவில்லை.

மெதுவாவது எல்லாமே இயற்கைதான் என்று கைகழுவிவிடவும் கூடாது. தூக்கமின்மை, தோள்வலி, இரத்தச் சோகை, குளத்துக்கு வரவே மனமில்லாமை ஆகிய எதுவும் முதலில் கடிகாரத்தில் தலைகாட்டக்கூடும்; சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடம் அழைத்துப் போவதே முறை. பெண் குழந்தைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. வயதுக்கு வரும் பருவத்தில் நேரம் தேங்கி நிற்பதைக் கண்டதும், "போதும் கண்ணு, படிப்பைப் பாரு" என்று நிறுத்திவிடுவதற்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு காரணம் காத்துக்கொண்டிருக்கிறது. நேரத்தைச் சாக்காகச் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அந்தச் சமயத்தில் ஒரு பெண் பயிற்சியாளரும், மாதவிலக்கு நாட்களில் விலக்குக் கேட்கக் கூச்சப்பட வேண்டாத ஏற்பாடும் இருந்தாலே பல பெண்கள் தண்ணீரில் தங்கிவிடுவார்கள்.

பயிற்சியாளர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, நேரத்துக்குப் பக்கத்தில் குளத்தின் நீளம், காலையா மாலையா, கடிகாரம் பிடித்தது கையா கருவியா, ஒரு நீளத்துக்கு எத்தனை வீச்சு என்பவற்றையும் குறித்து வைக்கலாம். நேரம் கூடியும் வீச்சின் எண்ணிக்கை குறைந்திருந்தால், பிள்ளை தண்ணீரை முன்னைவிட நன்றாகப் பிடிக்கக் கற்றிருக்கக்கூடும் என்பதைத் தகப்பனாரிடம் எடுத்துக் காட்ட அது உதவும். போட்டி நடத்துகிறவர்களும் வெயில் ஏறுமுன் பந்தயங்களை முடித்து, சான்றிதழில் நேரத்தை அச்சிடும்போது அதன் கீழேயே குளத்தின் நீளத்தையும் அச்சிட்டுக் கொடுக்கட்டும். வரப்போகும் மே மாதத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம்.