துளைக்குள் போனது எத்தனை லிட்டர்?

கரையானுக்கு மருந்து அடித்த வீட்டில் ஒரே வருடத்தில் மறுபடி நிலைவாசலில் மண் ஏறினால், நம் தொழிலில் முதல் சந்தேகம் மருந்தின் மேல்தான் விழுகிறது. குளோர்பைரிபாஸ் கேட்கவில்லை என்று இமிடாகுளோபிரிட், அதுவும் போதவில்லை என்று ஃபிப்ரோனில் என மாற்றிக்கொண்டே போகிறோம். மருந்தை மாற்றுவதற்கு முன் விசாரிக்க வேண்டியது வேறொன்று: சென்ற முறை ஒவ்வொரு துளைக்குள்ளும் எவ்வளவு கரைசல் இறங்கியது? பெரும்பாலான தோல்விகளுக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்பது இந்த இதழின் உறுதியான கருத்து.

கட்டி முடித்த வீடுகளுக்கு நமக்கு வழிகாட்டும் தரம் ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. சுவரும் தரையும் சேரும் இடத்தில் 300 மி.மீ.க்கு ஒரு துளை, 12 மி.மீ. அகலம், மண் இனி ஏற்காது என்னும்வரை, அதிகபட்சம் துளைக்கு ஒரு லிட்டர். 10 மீட்டருக்கு 10 மீட்டர் வீடு என்றால் வெளிச்சுவரை ஒட்டி மட்டுமே 40 மீட்டர், ஏறத்தாழ 133 துளை, 133 லிட்டர். உட்சுவர்கள் தனி. 16 லிட்டர் ஸ்பிரேயரோடு போனவர் அதை எட்டு முறைக்கு மேல் நிரப்பியிருக்க வேண்டும். இரண்டு மூன்று முறை நிரப்பியதோடு வேலை முடிந்திருந்தால், துளைக்குக் கால் லிட்டர்கூடப் போகாத இடங்கள் நிறைய இருக்கும். ஒரு துளையில் இறங்கும் கரைசல் தரைக்கடியில் பக்கவாட்டில் பரவி அடுத்த துளையின் கரைசலோடு சேர்ந்தால்தான் தடுப்பு. சேராவிட்டால் நடுவில் மருந்து படாத மண் நிற்கிறது. பைஃபென்த்ரின் போன்ற விரட்டும் மருந்தானால் கரையான் ஒதுங்கி அந்த இடைவெளியைத் தேடி வரும். விரட்டாத மருந்தானால் மருந்து பட்ட மண்ணைக் கடக்கும் கரையான்தான் அதை மற்றவற்றுக்குக் கொண்டுபோகும். இடைவெளி வழியே வருவது எதையும் கொண்டுபோகாது. நம்மூர் ஓடோன்டோடெர்மஸ் வகைக்குப் புற்றும் அரசியும் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் இருக்க, நிலையில் தெரியும் மண் தடத்தை உடைத்து மேலே அடிப்பதால் சாவது அப்போது அங்கிருந்த வேலைக்காரக் கரையான் மட்டுமே.

களிமண் ஒரு லிட்டர் குடிக்காது என்பார்கள். உண்மைதான், தரமும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் பல வீடுகளில் மறுப்பது மண்ணல்ல, துரப்பணம் இன்னும் தொடாத கான்கிரீட். பிட் டைல்ஸையும் கான்கிரீட்டையும் துளைக்கும்போது சாம்பல் நிறத் தூள் வரும். அடிநிரப்பை எட்டியதும் பிட் சட்டென்று கீழே இறங்கி, பழுப்பாக, கொஞ்சம் ஈரமாக மண்ணை மேலே தள்ளும். பழுப்பு வராத துளை அடி மூடிய கிண்ணம். அதில் ஊற்றியது திரும்பித்தான் வழியும். குட்டை பிட்டை வைத்துக்கொண்டு மண்ணைக் குறை சொல்லக் கூடாது. இங்கே ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும்: ஒழுகும் குழாயின் ஈரத்தை நம்பிச் சுவருக்குள்ளேயே கூடு கட்டும் காப்டோடெர்மஸ் வகைக்குத் தரைத் துளை மட்டும் போதாது, ஒழுகலை நிறுத்தாமல் எத்தனை லிட்டர் விட்டாலும் அது தங்கும்.

கிணறும் சம்ப்பும் உள்ள வீட்டில் முழு அளவு ஆபத்தல்லவா என்ற கேள்வி நியாயமானது. கிணற்றை ஒட்டிய பகுதியைத் தொடாமல் விட்டு, விட்டதை வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். வீடு முழுவதும் அளவைக் குறைத்தால் அடுத்த ஆண்டு மறுபடி துளைக்க நேரும். மண்ணுக்குள் போகும் மருந்தும் அதனால் கூடத்தான் செய்யும். விலை கட்டுப்படியாகாது என்பவர்கள் கணக்கைப் பார்க்கட்டும். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம் லிட்டருக்கு 2.1 மி.லி.; 133 லிட்டருக்கு 280 மி.லி. போதும். நாம் மிச்சம் பிடிப்பது மருந்தைவிட ஆளின் அரைநாளை. சதுர அடிக்கு விலை பேசும் வழக்கம் இருக்கும்வரை ஒவ்வொரு துளையும் நமக்கு நஷ்டமாகவே தெரியும். ஐந்து வருட வாரண்டியும் இதை ஈடுகட்டாது. இலவசமாக வந்து மறுபடி டைல்ஸைத் துளைப்பதற்குள் நிலை உள்ளே அரிக்கப்பட்டிருக்கும். துளைக் கணக்கில் விலை சொல்வோம். சர்வீஸ் ரிப்போர்ட்டில் அறைவாரியாக எத்தனை துளை, எத்தனை லிட்டர், எந்தத் துளை ஏற்கவில்லை, ஏன் என்று எழுதி, ஸ்பிரேயர் நிரப்பும்போது வீட்டுக்காரரையும் அருகில் நிற்கவைத்து எண்ணச் சொல்லி, அதன் கீழே அவர் கையெழுத்தையும் வாங்குவோம்.