மூன்றரை மணிக்கே இருட்டும் ஊர்

“மா, மணி இன்னும் நாலுகூட ஆகல. வெளியே நல்லா இருட்டிடுச்சு” என்றாள் மகள்.

கிள்ளானில் எனக்கு அப்போது நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே டிசம்பர் மழை. அவள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் முதலாண்டு மாணவி. செப்டம்பரில் போனபோது கோட்டையையும் மலையையும் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். ஏழு மணி நேரமாக இருந்த நம் இடைவெளி எட்டானது. அதற்குப் பிறகுதான் அவள் குரல் மாறியது. படம் வருவது நின்றது. எப்போது அழைத்தாலும், “இப்பதான் மா எழுந்தேன்” என்பாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லா அம்மாக்களும் செய்வதைத்தான் செய்தேன். அறிவுரை சொன்னேன். சீக்கிரம் எழு, குளி, சாமி கும்பிடு, பசியாறு, சோம்பேறித்தனம் படாதே என்றேன். “உன் பாட்டி விடியுமுன்னே எழுந்து பால்மரம் வெட்டப் போனவங்க” என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் மறுத்துப் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, “படிப்ப விட்டுட்டு வந்துடட்டுமா மா?” என்று கேட்டாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து தேடிப் படித்தேன். நமக்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம் பகல். எடின்பரோவில் டிசம்பர் நடுவில் சூரியன் எழ காலை 8.40 ஆகிறது. மாலை 3.40க்கெல்லாம் மறைந்துவிடுகிறது. மொத்தம் ஏழு மணி நேரம்தான் பகல். அதிலும் பாதி நாள் மேகம். வெயிலுக்குப் பயந்து குடை பிடித்தே வளர்ந்த பிள்ளைக்கு, வெயில் இல்லாமலும் ஒருவருக்கு உடம்பு கெடும் என்று யார் சொல்லித் தந்தோம்?

இந்தப் பருவகால மனச்சோர்வுக்கு 1984இல் ஆய்வுக் கட்டுரை எழுதிப் பெயர் வைத்தவர்களில் முதன்மையானவர் நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவர். அவரே வெயில் நாடான தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர். குளிர்காலத்தில் தனக்கே சோர்வு வருவதைக் கவனித்தவர். அதைப் படித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்ததற்கு அவர்கள் நோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் அறிவுரையை நிறுத்திவிட்டு, “கண்ணு, முதல்ல டாக்டரப் பாரு. அப்புறம் பேசுவோம்” என்றேன். போனாள். மருத்துவர் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். நண்பகலில் மேகமாக இருந்தாலும் அரை மணி நேரம் வெளியே நடக்கச் சொன்னார். பிரிட்டனில் குளிர்காலத்தில் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி அரசு சுகாதாரத் துறை சொல்லும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி மாத்திரையையும் நினைவூட்டினார். காலையில் அரை மணி நேரம் அருகில் வைத்து உட்கார ஒரு விளக்கும் உண்டு. அதன் வெளிச்சம் 10,000 லக்ஸ்; நம் வீட்டுக் கூடத்து விளக்கு சில நூறு லக்ஸ்தான். கண் நோய் உள்ளவர்களும் மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதை வாங்கக்கூடாது.

வெளிச்சத்துக்கு வழி பிறந்தது. ஆனால் நாலு மணி இருட்டை என்ன செய்வது? அப்போதுதான் என் அம்மா சொன்ன தோட்டத்துக் கதை நினைவுக்கு வந்தது. அடைமழைக் காலத்தில் மரம் வெட்ட முடியாது. வெட்டு இல்லாத நாளில் சம்பளமும் இல்லை. லயத்து வீடுகளில் எல்லார் முகமும் தொங்கிப்போயிருக்கும். மழை விட்ட ஓர் இரவில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்களாம். கடன் அப்படியேதான் இருந்தது. ஆனால் நாகேஷைப் பார்த்துச் சிரித்தபடி பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்களாம்.

அந்தச் சனிக்கிழமை இரவு 9.30க்கு, அவளுக்கு மதியம் 1.30க்கு, தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் ‘காதலிக்க நேரமில்லை’ போட்டோம். 1964இல் ஸ்ரீதர் எடுத்த படம். என் மகளுக்குக் கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே ஆகாது. இது கலர்ப் படம் என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி வந்தது. பாலையாவின் முகம் மாற மாற, மறுமுனையில் முதலில் ஒரு மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு மாதமாக நான் கேட்காத சத்தம் அது. என் கணவர் படுக்கையறையிலிருந்து எழுந்து வந்து, “யார் சிரிக்கிறது, பாப்பாவா?” என்று கேட்டார்.

படம் தொடங்கியபோது அவள் சன்னலில் வெளிச்சம் இருந்தது. முடிந்தபோது இருட்டியிருந்தது. இருட்டியதை அவள் கவனிக்கவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமை தவறவில்லை. அடுத்த வாரம் ‘தில்லு முல்லு’. தேங்காய் சீனிவாசனுக்கு அவள் ரசிகையாகிவிட்டாள். பார்சலில் ரசப்பொடியும் சுக்குமல்லிக் காப்பித் தூளும் அனுப்பினேன். படத்துக்கு இடையில் இருவரும் ஆளுக்கொரு குவளை காப்பி போட்டுக்கொள்வோம். வார நாளில் அவள் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய் உட்காருவாள். நுழைவு இலவசம், கூரை கண்ணாடி. இருக்கிற வெளிச்சம் முழுவதும் உள்ளே வரும்.

எல்லாம் ஒரே வாரத்தில் சரியாகிவிடவில்லை. அழுத சனிக்கிழமைகளும் உண்டு. ஆனால் பிப்ரவரியில் ஒருநாள், “மா, அஞ்சு மணி ஆச்சு, இன்னும் வெளிச்சம் இருக்கு” என்று ஒரு படம் அனுப்பினாள். சாதாரணத் தெரு, சாதாரண வானம். படிப்பை விடும் பேச்சு பிறகு வரவில்லை.

பிள்ளைகளைக் குளிர்நாட்டுக்கு அனுப்பியிருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். சிரிப்புப் படமும் சுக்குக் காப்பியும் மருந்து அல்ல. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், மருத்துவரிடமோ பல்கலைக்கழக ஆலோசகரிடமோ போகச் சொல்லுங்கள். உயிர் வெறுத்ததுபோல் ஒரு சொல் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அதோடு வாரத்தில் ஒரு மணி நேரத்தை அவர்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். பேச எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு படத்தைப் போட்டுவிடுங்கள்.

இன்றிரவு அழைக்கும்போது “படிச்சியா?” என்று கேட்பதற்கு முன், “இன்னிக்கு வெயில் பார்த்தியாமா?” என்று கேட்டுப் பாருங்கள்.