புது உத்தியோகஸ்தரும் பழங்குடியானவரும்

பரீட்சையில் தேறிய வாலிபர் சிலர், கிராமத்தில் கால் வைத்த அன்றே குடியானவரின் சாகுபடியைக் குறை கூறுகின்றனர். 1905-ம் வருஷம் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்டு துரையோ கேம்பிரிட்ஜில் கற்றவர். மேற்கிந்தியத் தீவுகளில் பயிர் நோய்களை ஆராய்ந்தவர். ஆயினும், அண்டை வயல்களில் மருந்தின்றியே பயிர் செழித்திருக்கக் கண்டு, 75 ஏக்கர் நிலம் பெற்று, அக்குடியானவர்களையும் பயிரில் விழும் பூச்சிகளையுமே ஆசான்களாகக் கொண்டு சுமார் ஐந்து வருஷம் பயின்றார். இந்தூர் எரு முறையை அவர் வகுத்தது அதற்கும் வெகுகாலம் பின்னரே.

குடியானவர் வழக்கமெல்லாம் சரியென்பதன்று. சாணத்தை வறட்டியாக்கி எரித்தல் பெருநஷ்டமே. ஆயினும், புதிய உத்தியோகஸ்தர் ஒரு போகம் முழுதும் வரப்பில் நின்று பார்த்த பின்னரே யோசனை கூறுதல் நலம். பட்டம் பெற்று ஊர் திரும்பும் மிராசுதார் புதல்வருக்கும் இது பொருந்தும்.